மேசைக்குக் கீழே இரண்டு பம்ப்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, கோபிக்காதே. வீட்டில் எல்லோரும் சுகம். மகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அவள் படிக்கக் கொண்டுவந்த கட்டுரை ஒன்று என் நித்திரையைக் கெடுத்துவிட்டது.

என் கராஜ் ஸ்டோர் வேலை உனக்குத் தெரியும். பஸ் டிப்போக்களில் இருந்து பழுதான ஸ்டார்ட்டர், ஆல்டனேட்டர், பம்ப் எல்லாம் வரும். திருத்தித் திருப்பி அனுப்புவோம். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, சில வருடம் கழித்துத்தான் திரும்ப விட்டார்கள். அப்போதிருந்து பழைய பஸ்களின் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே வேலை. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தாலும் சில சாமான் கிடைக்காது. திருத்துவது வந்த வரிசையில். போனில் அதிகம் கத்துகிறவனுக்கு மட்டும் வரிசை கிடையாது.

அந்தக் கட்டுரை அமெரிக்க விமானப்படையைப் பற்றியது. எந்த இடத்தில் எத்தனை உதிரிப்பாகம் வைப்பது என்பதற்கு 1968 இலேயே ஷெர்புரூக் என்பவர் 'மெட்ரிக்' என்று ஒரு கணக்கு வெளியிட்டார். சரி, வாங்கி வைத்தாயிற்று. இன்று காலை மேசையில் எதை எடுத்துத் திருத்துவது? அதற்குத்தான் 1980களில் ராண்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் 'ட்ரைவ்' என்ற முறையைச் செய்தது. யூட்டாவின் ஒக்டன் பராமரிப்பு நிலையத்தில், எஃப் 16 விமானத்தின் மின்னணுப் பெட்டிகளில் அதைப் பரீட்சித்தார்கள். ஒரு மணித்தியால வேலையை எந்தப் பெட்டிக்குக் கொடுத்தால், தளங்களில் வேண்டிய அளவு விமானம் பறக்கத் தயாராகும் வாய்ப்பு ஆகக் கூடும் என்று பார்ப்பார்கள். வந்த தேதி பொருட்டே இல்லை. திருத்திய பெட்டி வந்த தளத்துக்கே போகவேண்டும் என்றும் இல்லை. அந்த நேரத்தில் யாருக்கு அவசரமோ அங்கே போகும்.

எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் ஒரு ஸ்டார்ட்டரைத் திருத்தி, சிட்டையில் இருந்த டிப்போவுக்கே அனுப்பினோம். அங்கே றாக்கையில் ஏற்கெனவே இரண்டு தூசி பிடித்துக் கிடந்தன. இன்னொரு டிப்போவில் அதே ஸ்டார்ட்டர் இல்லாமல் ஒரு பஸ் பதினொரு நாள் நின்றது. அதற்குள் அதன் பட்டரியையும் பக்கக் கண்ணாடியையும் வேறு பஸ்களுக்குக் கழற்றிவிட்டார்கள். விமானப்படையில் இப்படிக் கழற்றுவதையும் கணக்கோடு செய்வார்கள்: இரண்டு விமானத்தில் ஒவ்வொரு பெட்டி இல்லையென்றால் இரண்டும் தரையில்தான், குறை இரண்டையும் ஒன்றிலேயே சேர்த்தால் மற்றது பறக்கும்.

வாசிக்கும்போது, சண்டைக் காலத்தில் நாம் ஒளிந்திருந்த பங்கர் ஞாபகம் வந்தது. குண்டு போட வரும் கிபிர் விமானம் பழுதாகிக் கிடக்கட்டும் என்று நேர்ந்துகொண்ட பெடியன்கள் நாம். உன் அம்மம்மா நல்லூரானுக்குத் தேங்காய் உடைப்பதாகக்கூடச் சொன்னார். இப்போது போர் விமானத்தை எழுப்பும் கணக்கை இரவிரவாகப் படிக்கிறேன். மகளிடம் இதைச் சொல்லவில்லை.

நாளைக்கு ஒவ்வொரு டிப்போவுக்கும் போன் எடுத்து, றாக்கையில் இருப்பதை எண்ணச் சொல்லப் போகிறேன். இருப்பு பொய்யானால் எந்தக் கணக்கும் பொய்தான். ஸ்டோர்காரர்கள் ஒன்றிரண்டை ஒளித்து வைப்பார்கள். என் மேசைக்குக் கீழேயும் பேப்பர் சுற்றிய இரண்டு பம்ப் இருக்கிறது, ஒரு வருடமாக. முதலில் அவற்றை எழுத வேண்டும்.

அப்புறம், உன் முதுகு நோ எப்படி?

உன் வாங்குத் தோழன்