2024–25 ஆண்டறிக்கை: ஊராட்சி நிதிக்கு விண்ணப்பித்ததும், கிடைத்ததும், நின்றுபோனதும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் ஊர்ப் பொதுநலச் சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன். காலனி, மேற்குத் தெரு, ஏரிக்கரைத் தெரு ஆகிய மூன்று இடங்களிலும் கூலி வேலையை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அரசு நிதியைப் பெற்றுத் தருவதே இந்த ஆண்டு நம் முழு வேலையாக இருந்தது. நம் விண்ணப்பம் எதுவும் ‘நிதி இல்லை’ என்ற காரணத்தால் திரும்பவில்லை. திரும்பியவை எல்லாம் நிலப் பதிவேட்டிலோ, தீர்மானத்தின் வாசகத்திலோ, வங்கிக் கணக்கிலோ இருந்த குறையால்தான் திரும்பின. அந்தக் குறைகளை முன்கூட்டியே சரிசெய்வது நம் கையில் இருக்கிறது. அதனால் அவற்றைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

காலனித் தெருவும் வடிகாலும்

மக்களும் அரசும் சேர்ந்து பணம் போட்டு ஊர் வேலை செய்யும் நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கு மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒன்று கட்டினால் போதும். இந்தச் சலுகை தானாக வருவதில்லை. அந்தக் குடியிருப்பில் யார் பெரும்பான்மை என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் கோப்பு மூன்றில் ஒரு பங்குக் கணக்கில் நகர்ந்துவிடும். ரூ.9 லட்சம் மதிப்பீட்டுக்கு மூன்றில் ஒன்று ரூ.3 லட்சம், ஐந்தில் ஒன்று ரூ.1.80 லட்சம். அந்த ஒரு சான்றின் மதிப்பு ரூ.1.20 லட்சம்.

காலனியில் 140 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்குப் பேவர் பிளாக், ஒரு பக்கம் வடிகால் என்று கேட்டோம். ஒன்றிய ஓவர்சியர் வந்து அளந்து ரூ.9 லட்சத்துக்கு மதிப்பீடு போட்டார். கோப்பு நிர்வாக அனுமதிக்குப் போவதற்குள், மதிப்பீடு போடப் பயன்படும் அரசின் புதிய விலை விவரப் பட்டியல் வந்துவிட்டது. மதிப்பீடு ரூ.9.60 லட்சமாகவும் நம் பங்கு ரூ.1.92 லட்சமாகவும் ஏறின. வித்தியாசம் ரூ.12,000தான் என்றாலும், அதைக் கட்டி முடிக்கும்வரை கோப்பு அதே மேசையில் கிடந்தது. இனி பங்குத்தொகை திரட்டும்போது பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே திரட்டி வைக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

பங்குத்தொகையில் ஒரு ரூபாய்கூட காலனிக் குடும்பங்களிடம் வாங்கக் கூடாது என்பது சென்ற பொதுக்குழுவின் தீர்மானம். அதன்படியே உள்ளூரிலும் வெளியூரிலும் இருப்பவர்களிடம் திரட்டி, வரைவோலையாகக் கட்டினோம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் நன்கொடை தர முன்வந்தபோது ஒரு சந்தேகம் எழுந்தது. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது, அதை வாங்கலாம். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கான பதிவு நம் சங்கத்துக்கு இல்லை. ஆகவே இரண்டு பேரின் தொகையை மரியாதையுடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவர்கள் மனம் வருந்தியிருக்கலாம். ஆனால் ஒரு தவறான வரவால் சங்கத்தின் மொத்தக் கணக்கும் கேள்விக்குள்ளாகிவிடும்.

உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள்: வேலையை நாமே எடுத்துச் செய்ய முடியாதா? மக்கள் பங்கு பாதியாகவோ அதற்கு மேலோ இருந்தால்தான் அந்த வாய்ப்பு உண்டு. ஐந்தில் ஒரு பங்கு கட்டிய நமக்கு மேற்பார்வை மட்டும்தான். அதை ஒழுங்காகச் செய்தோம். பேவர் பிளாக்குக்கு அடியில் மண்ணை நன்றாக அழுத்தாமல் மணலைக் கொட்டி அடுக்கினால் முதல் மழைக்கே தெரு பள்ளம் விழும். வடிகாலின் வாட்டம் கடைசி மடை நோக்கி இருக்கிறதா என்பதை, பூசும் முன்னரே குழாய் மட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். பூசிய பிறகு பார்த்துப் பயனில்லை.

சமுதாயக் கூடம் ஏன் நின்றது

மேற்குத் தெருவில் பிள்ளைகள் கைப்பந்து ஆடும் திடலில் சமுதாயக் கூடம் கேட்டிருந்தோம். கோப்பு திரும்பி வந்துவிட்டது. கண்ணுக்கு அது மேடான வெற்றுத் திடல். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே வகைப்பாடு ‘ஓடை’ என்று இருக்கிறது. தண்ணீர் ஓடி எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் நீர்நிலைப் புறம்போக்கில் அரசுக் கட்டடம் எழுப்ப அனுமதி கிடைக்காது. கிடைக்கவும் கூடாது என்பதே என் கருத்து. அந்தத் தாழ்வு வழியாகத்தான் பெருமழையில் காலனித் தண்ணீர் வடிகிறது.

இதில் பிழை நம்முடையதுதான். மதிப்பீடு கேட்பதற்கு முன் ‘அ’ பதிவேட்டு நகலும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்பட நகலும் வாங்கிப் பார்த்திருந்தால் ஏழு மாதம் வீணாகியிருக்காது. இனி எந்தப் பொதுப்பணிக்கும் முதல் காகிதம் அதுவே. தனியார் நிலம் தருவதாக யாரேனும் சொன்னால் வாய்ச்சொல்லோ ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய ஒப்புதலோ செல்லாது. ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகி, வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்க வேண்டும்.

கிராம சபைத் தீர்மானம்

2025–26 வரை ஊராட்சிக்கு வரும் மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம். ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது. எந்தப் பணத்திலிருந்து கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெருவிளக்கு வேண்டும் என்றால் 40இல் கேட்க வேண்டும். கழிவுநீர் உறிஞ்சுகுழியோ வடிகாலோ என்றால் 60இல் சுகாதாரப் பகுதியில் கேட்கலாம். அங்கே போட்டி குறைவு.

எதைக் கேட்டாலும் அது கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏறியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான திட்டம் அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தொடங்கி ஜனவரிக்குள் இணையத்தில் பதிவாகிவிடும். அதில் இல்லாத வேலைக்குப் பிறகு பில் போட முடியாது. மே 1 கிராம சபையில் எழுந்து உரக்கக் கேட்டுவிட்டு, அக்டோபரில் வராமல் இருந்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். இதை மாற்றியாக வேண்டும்.

தீர்மானத்தின் வாசகமும் முக்கியம். முன்பெல்லாம் “காலனிக்குச் சாலை வசதி செய்து தரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று எழுதி வந்தோம். அதை வைத்து ஓவர்சியர் எதை அளப்பார்? இந்த முறை சர்வே எண், தொடங்கும் இடம், முடியும் இடம், நீளம், அகலம், பொருள், பயன்பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை ஆகிய ஏழு விவரங்களையும் ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுத்தோம். அது அப்படியே பதிவேட்டில் ஏறியது.

கோரம், அதாவது கிராம சபை செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள் எண்ணிக்கை, பற்றியும் சொல்ல வேண்டும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நம் ஊராட்சிக்கு 200 பேர் தேவை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வந்தால்தான் அந்த எண்ணிக்கை நிரம்புகிறது. அவர்கள் பேசும் நேரத்தில் மைக்கைப் பிடுங்காமல் இருப்பது ஊர்ப் பெரியவர்களின் கடமை.

2025 ஜனவரி 5 அன்று ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலராகிவிட்டார். அதற்கு முன் நிறைவேறிய தீர்மானங்களின் சான்றிட்ட நகல்களை டிசம்பரிலேயே ஊராட்சிச் செயலரிடம் வாங்கிக் கோப்பில் வைத்தோம். மனுக்களை இனி யார் பெயருக்கு எழுத வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பழைய முகவரிக்கு எழுதிய இரண்டு மனுக்களுக்குப் பதிலே வரவில்லை.

வீடு

குடிசையில் வாழ்வோருக்கான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.50 லட்சம். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரை போடலாம். பதினொரு குடும்பங்களுக்கு மனு தயாரித்தோம். ஆறு பேருக்கு ஆணை வந்திருக்கிறது.

மீதி ஐந்து பேருக்கும் பட்டாதான் தடை. மூன்று பட்டாக்கள் இறந்துபோன தாத்தா பெயரில், அண்ணன் தம்பி எல்லாருக்கும் கூட்டாக இருக்கின்றன. முதலில் வாரிசுச் சான்று, பிறகு மற்ற வாரிசுகளின் சம்மதம், அதன் பின் உட்பிரிவுக்கு, அதாவது நிலத்தைப் பங்கு பிரித்துத் தனிப் பட்டா பெற, மனு, சர்வேயர் வந்து அளப்பது என்று வரிசையாக நடக்க வேண்டும். திட்டம் அறிவித்த பிறகு தொடங்கினால் அந்த ஆண்டு தவறிவிடும். ஏரிக்கரைத் தெருவின் இரண்டு குடும்பங்கள் நீர்நிலைப் புறம்போக்கில் இருப்பதால் அங்கே பட்டாவுக்கு வழியே இல்லை. அவர்களுக்கு வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டுத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கி வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் நிற்கிறது. சங்கத்தின் முதல் கவலை அந்த இரண்டு குடும்பங்கள்தான்.

ஆணை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் மொத்தமாக வராது. வேலை ஒரு கட்டத்தைத் தாண்டி, படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகே தவணை வரும். அடித்தளம் போட முன்பணம் நம் கையில் இருக்க வேண்டும். அதற்காக மீட்டர் வட்டிக்குப் போகாதீர்கள். மகளிர் குழுவில் உள்கடன் கேளுங்கள். வீட்டைப் பெரிதாகத் தொடங்கி லிண்டல் மட்டத்தில் நின்றுபோன சுவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 360 சதுர அடிக்குள் முடித்துக் குடியேறுங்கள்.

கழிப்பறை

தூய்மை பாரத இயக்கத்தில் ஊரகப் பகுதியில் தனிநபர் கழிப்பறைக்கு ரூ.12,000. கட்டி முடித்த பிறகே தொகை வரும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் தவிர ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு குறு விவசாயி, நிலமற்ற தொழிலாளி, மாற்றுத்திறனாளி, பெண்ணைத் தலைவராகக் கொண்ட குடும்பம் ஆகியோரும் கேட்கலாம். இது பலருக்குத் தெரியவில்லை.

ஒன்பது கழிப்பறைகளில் மூன்றை இடித்துத் திருத்த வேண்டியிருந்தது. இரண்டு குழி முறை என்பது ஒரு குழியைப் பயன்படுத்தி, மற்றதைச் சும்மா விட்டு வைப்பது. நடுவில் உள்ள சிறு தொட்டியில் ஒரு வாயை அடைத்து வைத்தால்தான் கழிவு ஒரே குழிக்குப் போகும். கொத்தனார் இரண்டு வாயையும் திறந்தே விட்டிருந்தார். இரண்டும் ஒன்றாக நிரம்பினால் இந்த முறைக்கே அர்த்தமில்லை. மற்றொரு வீட்டில் குழியின் அடியில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். அடி மண்ணாகவும், சுற்றுச்சுவர் தேன்கூடு போல் இடைவெளி விட்டும் இருந்தால்தான் தண்ணீர் இறங்கும். குழிகளுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். கிணற்றுக்கும் அடிபம்புக்கும் பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நிரம்பிய குழியை மூடிவிட்டு வாயை மாற்றி, குறைந்தது ஒன்றரை ஆண்டு விட்டால் உள்ளே இருப்பது வாடையில்லாத எருவாகிவிடும். எந்த மனிதரும் கழிவில் இறங்க வேண்டிய நிலை வராது. அதற்காகவே இந்த முறையைச் சங்கம் வற்புறுத்துகிறது.

வங்கிக் கணக்கு

“ஆதாரை பேங்கில் கொடுத்துவிட்டேன், ஆனாலும் பணம் வரவில்லை” என்று வந்தவர்கள் அதிகம். கணக்கில் ஆதார் எண் பதிவாகி இருப்பது வேறு, அரசுப் பணம் வரும் கணக்காக அது இணைந்திருப்பது வேறு. ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் அப்படி இணையும். கடைசியாக எங்கே இணைத்தோமோ அங்கேதான் பணம் போகும். கேஸ் மானியத்துக்காக எப்போதோ திறந்த கணக்கில் பணம் ஏறியிருக்க, பாஸ்புக் இருக்கும் வங்கியில் தேடிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக் கூலியும் இந்த வழியில்தான் வருகிறது. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். மனுவோடு அந்தப் பக்கத்தின் அச்சுப்படியையும் இணைக்கத் தொடங்கியிருக்கிறோம். ஆதாரில் ‘மு.’, பட்டாவில் ‘எம்.’ என்று தலைப்பெழுத்து மாறியிருப்பதையும் அப்போதே திருத்திவிட வேண்டும்.

நின்ற கோப்புகள்

நான்கு கோப்புகளுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கோர்ட் வில்லை ஒட்டி மனு போட்டோம். “ஏன் தாமதம்?” என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது. மனு பெற்ற நாள், கோப்பு எண், இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது, கடைசிக் குறிப்பின் நகல் என்று ஆவணத்தில் உள்ளதைக் கேட்க வேண்டும். பதிலுக்கு 30 நாள் கெடு. வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இரண்டு கோப்புகள் மனு போட்ட உடனே நகர்ந்தன.

சங்கத்தின் தணிக்கைக் கணக்கை நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

வரும் ஆண்டுக்கான வேலைகள்: ஏரிக்கரைக் குடும்பங்களின் மனைப் பட்டா, மூன்று கூட்டுப் பட்டாக்களின் உட்பிரிவு, சமுதாயக் கூடத்துக்கு வேறு இடம், அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் காலனியின் மீதித் தேவைகளைக் கேட்பது. அக்டோபர் 2க்கு முன் செப்டம்பரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பட்டா, ஆதார், பாஸ்புக் மூன்றையும் சரிபார்க்கும் முகாம் நூலகத் திண்ணையில் நடக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் ஆறு பேர் தேவை. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்