'சிறு பிள்ளையும் போய்ச் சேரும்' என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய விமான நிலையங்களில் முனையம் மாறி அடுத்த விமானத்தைப் பிடிப்பது பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் எழுதிய தங்கள் கட்டுரையாளர், "பலகையைப் பார்த்து நடந்தால் சிறு பிள்ளையும் போய்ச் சேரும்" என்று முடித்திருந்தார். அந்தச் சிறு பிள்ளை வன்னியிலுள்ள எங்கள் மல்லாவியிலிருந்து புறப்பட்டிருக்காது.

2018 இல் நானும் மனைவியும் ரொறன்ரோவிலுள்ள மகளிடம் போனோம். இலண்டன் ஹீத்ரோவில் இறங்கியது மூன்றாம் முனையம், ஏறவேண்டியது இரண்டாம் முனையம். சீட்டுப் போட்டுத் தந்த முகவரோ முதலாம் முனையத்துக்குப் போகும்படி துண்டுக் கடதாசியில் எழுதித் தந்திருந்தார். அது 2015 இலேயே மூடப்பட்டுவிட்டது. முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்து, பிழையான முகவரியிட்ட கடிதங்களையும் உரியவரிடம் சேர்ப்பித்த நான், இல்லாத முகவரியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சனத்தோடு சனமாக மஞ்சள் பலகைகளின் வழியே போய்க் குடிவரவு வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். விமானம் மாறுவோருக்கான பலகை ஊதா நிறம் என்பதை, அங்கே நிலம் துடைத்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்துப் பிள்ளையொன்று, மனைவியின் திருநீற்றைக் கண்டு கிட்ட வந்து, "அம்மா, எங்கே போகவேணும்?" என்று கேட்ட பிறகே அறிந்தோம். பின்னர் பஸ், மறுபடியும் சோதனை. கழலாத காப்போடு மனைவி அங்கே பட்ட பாட்டை எழுதப் புகுந்தால் தாங்கள் வழமைபோல் வெட்டிவிடுவீர்கள்.

நடப்பது எங்களுக்குப் பெரிய காரியமல்ல. 2009 இல் போருக்குள் மூட்டையோடு மாத்தளன் வரை நடந்த கால்கள் இவை என்பது தாங்கள் அறியாததல்ல. எங்கே போகிறோம் என்று ஒருவரும் சொல்லாமல் நடக்கவிடுவதைத்தான் அன்றும் பொறுக்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. 2019 இல் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னைப் பயணம் பற்றி எவ்வளவோ எழுதினீர்கள். வன்னியிலிருந்து பலாலிக்குப் போய்ச் சேரும் வழி பற்றி ஒரு வரியும் நான் காணவில்லை. எங்கள் ஊருக்கு மத்தியானத்தில் வந்து சேரும் பத்திரிகைக்கு எங்கள் தூரம் விளங்காமலிருப்பது வியப்புத்தான்.

கேட்பது சிறிது. இரு பயணத்தையும் ஒரே சீட்டாகப் பதிந்தால் பெட்டிகள் பெரும்பாலும் கடைசி ஊருக்கே நேரே போகும் என்பதையும், தனித்தனியே பதிந்தால் இடையில் வெளியே போய்ப் பெட்டி எடுக்கவும் அதற்கென விசா பெறவும் நேரலாம் என்பதையும், ஹீத்ரோவில் சக்கர நாற்காலி உதவி இலவசம், ஆனால் 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவைக்க வேண்டும் என்பதையும், ஊதாப் பலகையையும், வயதானவர்கள் வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளத் தக்கதாகப் பெரிய எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். நான்கு விரற்கடை இடம் போதும். போன மாதம் என் கடிதத்தைச் சுருக்கியதில் மிஞ்சிய இடமே அதற்குக் காணும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
மல்லாவி.