டி-பிஏ லேபிள் ஒட்டுன வயல்ல வேற ஆன்டிபாடி இருக்குதுங்க

வணக்கமுங்க,

உங்ககிட்ட வாங்குன ஹியூமன் டி-பிஏ (டிஷ்யூ பிளாஸ்மினோஜன் ஆக்டிவேட்டர், ரத்தக்கட்டியக் கரைக்க உதவற என்சைம்) ஆன்டிபாடி பத்தின புகாருங்க இது. முயல் பாலிகுளோனல். பில், லாட் நம்பர், வெஸ்டர்ன் பிளாட் (புரதங்கள சைஸ் வாரியா பிரிச்சு ஆன்டிபாடி வெச்சுக் கண்டுபிடிக்கற டெஸ்ட்) போட்டோ எல்லாம் இதோட இணைச்சிருக்கேன். போன் எடுக்கறவங்க எல்லாரும் பிளாக்கிங்க மாத்துங்க, டைல்யூஷன மாத்துங்கன்னே சொல்றாங்க, பிரச்சனை அது இல்லீங்க, வயலுக்குள்ள இருக்கறதே டி-பிஏ ஆன்டிபாடி இல்லன்னு சொல்றேன், அத யாரும் காது குடுத்துக் கேக்கல.

டி-பிஏ சுமார் 70 கிலோ டால்டன், உங்க டேட்டாஷீட்லயும் அப்படித்தான் போட்டிருக்கு. ரெட்யூசிங் ஏஜென்ட் போடாம ஓட்டுன எங்க மெம்பரேன்ல 70 கிட்ட ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளை. கீழ 54 பக்கத்துல மட்டும் ஒரு பேண்ட், ஓரம் கூட கலங்காம நல்லா கருகருன்னு நிக்குது. இதே புரோட்டோகால், இதே செகண்டரி ஆன்டிபாடி, உங்களோட பழைய லாட்ல 70-ல அழகா வந்துச்சு.

சாம்பிள்ல என்சைம் இல்லியோன்னு உங்க சப்போர்ட்டுல கேட்டாங்க. இருக்குதுங்க. அதே சாம்பிள கேசினும் பிளாஸ்மினோஜனும் கலந்த ஜெல்ல ஓட்டி, எஸ்டிஎஸ்ஸ கழுவி எடுத்துட்டு, ராத்திரி பூரா 37 டிகிரில வெச்சு, கூமாஸில முக்குனா நீல ஜெல்லுல 70 கிட்ட கண்ணாடி மாதிரி தெளிஞ்ச கோடு விழுந்திருக்கு, அதாவது டி-பிஏ பிளாஸ்மினோஜன, புரதத்த உடைக்கற பிளாஸ்மினா மாத்தி அது கேசினத் தின்னுருக்கு. வேலை செய்யற என்சைம் கண்ணு முன்னாடி இருக்கு, உங்க ஆன்டிபாடிக்கு மட்டும் தெரியல.

அதுக்கப்புறம் மருந்தா விக்கற ஆல்டிப்ளேஸ ஒரு லேன்லயும், பிளாஸ்மின உண்டாக்குற இன்னொரு என்சைமான யூரோகைனேஸ (இது சுமார் 54 கிலோ டால்டன்) பக்கத்து லேன்லயும் ஏத்துனோம். ஆல்டிப்ளேஸ்ங்கறது ரீகாம்பினன்ட் டி-பிஏவேதான், ஸ்ட்ரோக் வந்து 4.5 மணி நேரத்துக்குள்ள போடற அதே ஊசி. அந்த லேன் காலி. யூரோகைனேஸ் லேன்ல பேண்ட் தடிமனா வருது. டி-பிஏ ஆன்டிபாடி யூரோகைனேஸயும் சேத்துப் பிடிக்கற வெறும் கிராஸ் ரியாக்ஷன்னா ரெண்டையும் பிடிச்சிருக்கோணும், இது டி-பிஏவத் தொடவே இல்லியே. வயல் நிரப்பறப்பவோ லேபிள் ஒட்டறப்பவோ மாறிருச்சுன்னுதான் எனக்குப் படுது.

ரெண்டும் பிளாஸ்மின உண்டாக்குற என்சைம்தானேன்னு விட்டுற முடியாதுங்க. டி-பிஏ ஃபைப்ரின்ல போய் ஒட்டி ரத்தக்கட்டி மேலயே வேலை செய்யும், யூரோகைனேஸுக்கு அந்தப் பிடிப்பு கெடையாது, அது செல் நகர்றது, கேன்சர் பரவறதுன்னு வேற பக்கம் போற கதை. கன்ட்ரோல் ஓட்டாத லேப்ல இதே லாட் இருந்தா 54-ல வந்த பேண்டப் பாத்து டி-பிஏ கூடிருச்சுன்னு தீசிஸே எழுதிருவாங்க. எனக்கு காசு போனத விட இதுதான் ரொம்ப பதைப்பா இருக்கு.

எங்க லேப் வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு பக்கம். பில் போட்டது உங்க சென்னை ஆபீஸ், பார்சல் வந்தது கோயமுத்தூர் வழியா. சென்னைல கேட்டா கேரளான்னா கொச்சிதான் பாக்கோணும்ங்கறாங்க, கொச்சில கேட்டா பில் சென்னைதானே, அங்கயே கேளுங்கன்னு வெச்சிர்றாங்க. ஐஜிஎஸ்டி போட்டு காசு வாங்கறப்ப மட்டும் பார்டர் குறுக்க வரலீங்களே? இதுக்கு நடுவுல ரிட்டர்ன் டைம் முடிஞ்சுருச்சுன்னு ஒரு மெயில் வேற. புகார் குடுத்தது டைமுக்குள்ளதான், இழுத்தது நீங்க.

வேற லாட்ல இருந்து மாத்து வயல் வேணும், கூடவே அந்த லாட்லயே ஓட்டுன பிளாட் வேணும், டேட்டாஷீட்ல இருக்கற பழைய படம் வேண்டாம். அத விட முக்கியமா இந்த லாட் விக்கறத உடனே நிறுத்திட்டு, ஏற்கெனவே வாங்குனவங்களுக்கு தகவல் அனுப்புங்க. மீதி ஆன்டிபாடிய -20-ல பத்திரமா வெச்சிருக்கேன், டெஸ்ட் பண்றதா இருந்தா உங்க செலவுல ட்ரை ஐஸோட ஆள் அனுப்பி எடுத்துக்கோங்க. பதில் எந்த ஆபீஸ்ல இருந்து வந்தாலும் சரி, டெக்னிக்கல் தெரிஞ்ச ஒருத்தர் எழுதட்டும்ங்க.