மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடையீர்,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக நிறைவடைந்தது. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசு பெற்றுள்ளனர், அனைவருக்கும் வாழ்த்துகள்.

இயற்பியல் பாடம் குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. பத்தாம் வகுப்பு வரை அறிவியலின் ஒரு பகுதியாக இருந்த இப்பாடம் இவ்வாண்டு தனிப் பாடமாகி, வெக்டரும் நுண்கணிதமும் தொடக்க அலகுகளிலேயே வந்துவிடுவதால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் திணறுகின்றனர். இதைக் கண்டு கவலையுற்ற பெற்றோர் சிலர், வீடு தேடி வந்தவர்களின் பேச்சை நம்பி, கற்றல் செயலி ஒன்றுக்கு மாதத் தவணை கட்ட ஒப்புக்கொண்டிருப்பதை அறிந்து வருந்தினேன். தறிப் பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம் அது. உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் இப்பாடத்துக்குத் தேவையானவை காசில்லாமலே கிடைக்கின்றன.

முதலில் வருவது அரசு வழங்கிய பாடநூல்தான். அதிலுள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகளை விடையை மறைத்துவைத்துப் போட்டுப் பார்ப்பதற்கு ஈடான பயிற்சி வேறில்லை. பள்ளிக்கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாடக் கருத்துகளைக் காணொலிகளாகப் பார்க்கலாம். நீட் தேர்வை எண்ணியிருப்பவர்கள், மத்திய அரசின் பாடநூல்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி. அமைப்பின் இணையதளத்தில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலை முழுவதுமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் விரிவாகப் படிக்க விரும்புவோருக்கு அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் இலவசப் பாடநூல்கள் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது, இயற்பியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் ஃபெட் என்னும் தளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது. சென்ற வாரம் நம் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவி ஒருவர், அத்தளத்தில் காற்றுத் தடையை நீக்கிவிட்டு, திரையிலுள்ள பீரங்கியை 30 பாகையில் வைத்துக் குண்டை எறிந்தார்; பிறகு அதே வேகத்தில் 60 பாகையில் எறிந்தார். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தன. நம்பாமல் மறுபடியும் எறிந்து பார்த்துவிட்டு, கிடைத்தள நெடுக்கத்துக்கான, அதாவது குண்டு விழும் தொலைவுக்கான சூத்திரத்தைத் தாமாகவே நோட்டில் எழுதி, அதில் கோணத்தின் இருமடங்கு வருவதால், 60 பாகைக்கும் 120 பாகைக்கும் சைன் மதிப்பு ஒன்றே என்பதைக் கண்டுகொண்டார். பணம் கொடுத்து வாங்கும் காணொலியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாலும் இது வாய்க்காது.

ஒன்றை உறுதியாகத் தெரிவிக்கிறேன். எந்தச் செயலியையும் வாங்குமாறு இப்பள்ளி சொல்லவில்லை, இனியும் சொல்லாது. பள்ளியின் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் கையெழுத்திடவோ, ஆதார் எண்ணையோ ஓடிபியையோ தரவோ கூடாது. உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விலைக்கு விற்கும் வழிகாட்டி நூல்களை ஸ்கேன் செய்து வாட்ஸப் குழுக்களில் பரப்புவதும் பதிப்புரிமை மீறலே. இதை மாணவர்கள் உடனடியாக நிறுத்த வேண்டும்.

வீட்டில் ஒரே கைபேசி இருப்பதும், அதை அப்பா வேலைக்கு எடுத்துச் செல்வதும் எங்களுக்குத் தெரியும். மாலையில் ஒரு மணி நேரம் மட்டும், பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, பிள்ளையிடம் கொடுத்தால் போதும். அதுவும் இயலாதவர்களுக்காகப் புதன்கிழமைகளில் பள்ளி முடிந்தபின் ஆய்வகம் திறந்திருக்கும். ஃபெட் பயிற்சிகளை ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயக்கலாம் என்பதால், கைபேசி கொண்டுவருவோருக்கு இயற்பியல் ஆசிரியரே ஏற்றித் தருவார்.

வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. தவணையில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் தயங்காமல் அந்தத் தாள்களுடன் என்னை வந்து பாருங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்