பில் போடும் கணினி ஏன் திணறுகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள கடைக்காரர்களுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து வணக்கம்.

எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்கும் காசிமேட்டில் வலை, கயிறு விற்கும் கடைகளுக்கும் சோதனைக்காகக் கொடுத்த புதிய பில் மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்று உங்களில் பலர் சொன்னீர்கள். புகார் நியாயமானது. காரணத்தை விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொன்னீர்கள். அந்த எண்ணம் எங்களுக்கும் உண்டு. ஆனால் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று இரண்டு மென்பொருள் எழுத எங்களிடம் ஆள் பலம் இல்லை. ஒரே நிரல் இரண்டிலும் ஓடியாக வேண்டும்.

சோதனைப் பதிப்பை எலெக்ட்ரானில் எழுதினோம். கிட்ஹப் நிறுவனம் 2013இல் ஆட்டம் என்ற தன் நிரல் எடிட்டருக்காகத் தொடங்கிய ஃப்ரேம்வொர்க், அதாவது மென்பொருள் எழுத உதவும் அடித்தளம் அது. அதில் எழுதும் ஒவ்வொரு மென்பொருளும் கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசர் முழுவதையும் தன்னுடனேயே கொண்டுவருகிறது. திரையில் நீங்கள் பார்ப்பது பில் மட்டும்தான்; அடியில் ஓடுவது பிரவுசர். பக்கத்தில் அதே வகை அரட்டைச் செயலி ஒன்று திறந்திருந்தால் அதற்குத் தனியாக இன்னொரு பிரவுசர். ஒரே கிணற்றில் ஒவ்வொரு குடித்தனமும் தனி மோட்டார் போட்டு இறைப்பதைப் போன்றது இது. 4 ஜிபி ரேம் தீர்ந்ததும் கணினி ஹார்டு டிஸ்கை நாடும். பழைய டிஸ்க் அதற்கு ஈடுகொடுக்காது. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வரிசையில் நிற்கும்போது அந்தத் தாமதத்தை எந்தக் கடையும் தாங்காது.

என்டர் விசை அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை என்ற புகார் வேறு. அதற்கும் எலெக்ட்ரானுக்கும் தொடர்பில்லை, சரிசெய்தாகிவிட்டது.

டாரி என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கையும் பார்த்தோம். அளவில் மிகச் சிறியது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவையே, அதாவது இணையப் பக்கங்களைக் காட்டும் பகுதியையே, பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் விண்டோஸில் இருப்பது குரோமியம் வழி வந்தது, லினக்ஸில் இருப்பது வெப்கிட் என்ற வேறொன்று. வெப்வியூ மாறினால், "காஞ்சிபுரம் பட்டு பார்டர்" என்ற பெயர் ஒரு கணினியில் ஒரே வரியில் அடங்கி, இன்னொன்றில் இரண்டு வரியாக மடங்கக்கூடும். மூன்று அங்குல பில் சுருளில் அது சிறிய விஷயம் இல்லை.

ஆகவே கல்லாவில் ஓடும் பதிப்பை க்யூடி என்ற வேறொரு ஃப்ரேம்வொர்க்கில், சி++ நிரல்மொழியில் எழுதுகிறோம். பிரவுசர் இல்லாமல் திரையைத் தானே வரைவதால் பழைய கணினிக்குச் சுமை குறைவு. தமிழ் எழுத்துருவையும் உடன் சேர்த்தே தருவோம். பொத்தான்களும் பெட்டிகளும் நீங்கள் பழகிய விண்டோஸ் தோற்றத்திலிருந்து கொஞ்சம் மாறித் தெரியும். எழுதி முடிக்கவும் கூடுதல் காலம் ஆகும். வேகத்துக்காக இரண்டையும் ஏற்கிறோம். முதலாளிகள் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கும் பகுதி மட்டும் எலெக்ட்ரானிலேயே இருக்கும். அங்கே யாரும் வரிசையில் காத்திருப்பதில்லை.

அதுவரை பழைய பதிப்பிலேயே பில் போடுங்கள். உங்கள் பிரிண்டரின் மாடலையும் கணினியின் ரேம் அளவையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்கள் பழைய பில் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், அதே தாளில் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே உங்கள் கடைக்கு நிறுவ வருவோம்.

அன்புடன்,
பில் மென்பொருள் குழுவினர்
தண்டையார்பேட்டை