ஒரே பருவத்தில் நிமிர்ந்த அணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோற்றுக்கொண்டே இருக்கும் கல்லூரி அணிக்குச் செலவு எதற்கு என்று கேட்போர், சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியை நினைத்துப் பார்க்கலாம். 1979 முதல் 1982 வரை தொடர்ச்சியாக 34 ஆட்டங்களில் தோற்ற அணி அது. (அந்தத் தொடர் முறிந்த அன்று மாணவர்கள் கோல் கம்பங்களைப் பிடுங்கிச் சென்று மிச்சிகன் ஏரியில் வீசினார்கள்!)

1995-இல் முதல் ஆட்டத்திலேயே பெயர்பெற்ற நோட்ர டேம் பல்கலைக்கழக அணியை 17-15 என வீழ்த்தியபோது, வென்றால் தம்மைத் தோளில் தூக்கக் கூடாது என்று பயிற்சியாளர் கேரி பார்னெட் முன்பே சொல்லி வைத்திருந்தார். வெற்றியை இயல்பானதாகக் கருதப் பழக்கியதே அவர் செய்த பெரிய காரியம் என்பேன். 1936-க்குப் பின் முதன்முறையாக பிக் டென் என்னும் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்புப் பட்டத்தை வென்ற அணி, பருவத்தின் இறுதியில் ஆடப்படும் ரோஸ் பவுல் ஆட்டத்தில் தோற்றாலும், மறு ஆண்டும் அப்பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்