அடெய்மாந்தஸுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அடெய்மாந்தஸ் அவர்களுக்கு,

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில், பொலிமார்க்கஸின் வீட்டில் நடந்ததாக உங்கள் தம்பி பிளாட்டோ ‘குடியரசு’ நூலில் எழுதிவைத்த உரையாடலில் நீங்கள் எழுப்பிய ஒரு கேள்வியைப் பற்றியே இக்கடிதம். அங்கே நீங்கள் சொல்லால் கட்டிய இலட்சிய நகரத்தைக் காத்து ஆளும் வகுப்பாரான காவலர்களுக்குச் சொந்த நிலமோ வீடோ கூடாது, பொன்னையும் வெள்ளியையும் அவர்கள் தொடக்கூடாது, பாசறை வீரர்களைப் போல ஒரே பந்தியில் உண்டு வாழவேண்டும் என்று சாக்ரடீஸ் விதித்து முடித்ததும், நான்காம் புத்தகத்தின் தொடக்கத்தில் நீங்கள் குறுக்கிட்டீர்கள். நகரம் உண்மையில் இவர்களுடையதுதான். ஆனால் மற்றவர்கள் நிலமும் மாளிகையும் கொண்டு விருந்தினரை உபசரித்து வாழும்போது, இவர்கள் மட்டும் கூலிப்படையினரைப் போலக் காவல் காத்திருப்பதா என்று கேட்டீர்கள். கூலிகூடக் கிடையாது, சோறு மட்டும்தான் என்று சாக்ரடீஸே உங்கள் குற்றச்சாட்டுக்கு வலுச்சேர்த்தார்.

அவருடைய விடை ஒரு சிலையைப் பற்றியது. உடலின் மிக அழகிய உறுப்பு கண். அதற்கு மிக அழகிய ஊதா நிறத்தைத் தீட்டாமல் கருப்பைத் தீட்டுவது ஏன் என்று ஒருவர் கேட்டால், கண் கண்ணாகவே தெரியாத அளவுக்கு அதை அழகுபடுத்த முடியாது, முழுச் சிலையும் அழகாக அமைகிறதா என்று பாருங்கள் என்றுதானே சொல்வோம்? (அருங்காட்சியகங்களில் வெள்ளைப் பளிங்கையே கண்டு பழகிய எங்களுக்கு, நீங்கள் சிலைகளுக்கு வண்ணம் தீட்டியவர்கள் என்பதே வியப்பு.) அதுபோல, ஒரு வகுப்பாரைத் தனியே மகிழ்விப்பது நமது நோக்கமன்று, நகரம் முழுவதும் இயன்றவரை மகிழ்ந்திருப்பதே நோக்கம் என்றார். நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள்.

அந்த விடை உங்கள் சகோதரர் கிளாக்கனின் மனத்தில்கூடத் தங்கவில்லை. ஏழாம் புத்தகத்தில், அறியாமைக்கு உருவகமான குகையை விட்டேறி உண்மையின் ஒளியைக் கண்ட, ஆள்வதற்கென வளர்க்கப்பட்ட மெய்யியலாளர்களை மீண்டும் கீழே இறக்கி ஆளச்செய்வது அநீதியல்லவா என்று அவர் கேட்கிறார். மறுபடியும் மறந்துவிட்டாய் நண்பனே என்கிறார் சாக்ரடீஸ். ஆனால் இம்முறை அவர் சிலையோடு நிற்கவில்லை. பிற நகரங்களில் தாமாகவே முளைத்த மெய்யியலாளர் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர். நம் மெய்யியலாளர்களையோ தேன்கூட்டின் தலைவர்களைப் போல இந்த நகரம் வளர்த்தது, ஆகவே அவர்கள் முறைவைத்து இறங்கியாக வேண்டும் என்று வாதிடுகிறார். எங்கள் மொழியில் இதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர். ஆட்சி என்பது பரிசன்று, தீர்க்கவேண்டிய கடன் என்ற இந்த வாதம், சிலை உவமையைவிட வலிமையானது என்பது என் கருத்து. சிலையின் கண்ணுக்கு வலிக்காது, காவலனுக்கு வலிக்கும்.

உங்கள் கேள்வியைப் பிற்காலத்தில் கையிலெடுத்தவர், பிளாட்டோவிடம் பயின்ற அரிஸ்டாட்டில். ‘அரசியல்’ நூலின் இரண்டாம் புத்தகத்தில் அவர் கூறுவது கணக்குப்போலத் தெளிவானது: மகிழ்ச்சி என்பது இரட்டைப்படை எண்ணின் தன்மையைப் போன்றதன்று. மூன்றும் ஐந்தும் ஒற்றைப்படை. கூட்டினால் எட்டு, இரட்டைப்படை. ஆனால் எல்லோரோ, பெரும்பாலோரோ, சிலரேனுமோ மகிழாத நகரத்தை மகிழ்ச்சியான நகரம் என்று கூற இயலாது. சாக்ரடீஸுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். ஐந்தாம் புத்தகத்தில், காவலரின் வாழ்வு ஒலிம்பிக் வெற்றியாளரின் வாழ்வைவிடச் சிறந்தது என்று அவரே உங்கள் புகாருக்குத் திரும்பிவந்து விளக்குகிறார்.

ஆனால் அரிஸ்டாட்டில் அதே இடத்தில் இன்னொன்றும் கேட்கிறார்: காவலர்கள் மகிழவில்லையென்றால் வேறு யார்தான் மகிழ்வார்கள்? கைவினைஞர்களும் உழைப்பாளிக் கூட்டமும் நிச்சயமாக இல்லையே! போகிறபோக்கில் அவர் தள்ளிவிட்டுப் போகும் இவர்களைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க விரும்புகிறேன். ஆள்வோர் மகிழ்ச்சியை இழக்கிறார்களே என்று நீங்கள் வருந்திய அந்த இரவில், சாக்ரடீஸ் ஒரு குயவரையும் குறிப்பிட்டார்: சக்கரத்தை அருகில் வைத்துக்கொண்டு, நெருப்பின் பக்கம் சாய்ந்து, குடித்துக் களித்திருக்கும் குயவர். நாம் அனுமதிக்கக்கூடாத மகிழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகவே அவரைச் சொன்னார். அவர் சார்பாகவும் ஒருமுறை நீங்கள் குறுக்கிட்டிருக்கலாமே?

அன்புடன்,
உங்கள் வாசகன்